வேலையை விட்டுவிட்டுக் காலநிலை நிதி ஆலோசகராகப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. திருமங்கலத்தில் வசிக்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றின் வேளாண் கடன் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கிணறு, சொட்டுநீர்ப் பாசனம், சூரிய மின்மோட்டார் ஆகியவற்றுக்கான கடன் விண்ணப்பங்களை நேரில் பார்த்து மதிப்பிட்டுப் பரிந்துரைப்பது என் வேலை. சென்ற ஆண்டு பசுமை நிதி குறித்த பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். அதன்பின், வளரும் நாடு ஒன்றில், குறிப்பாகப் பசிபிக் தீவு நாடுகளுள் ஒன்றில், ஓராண்டோ இரண்டாண்டோ காலநிலை நிதி ஆலோசகராகத் தன்னார்வப் பணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. கணவர் போய்வரச் சொல்கிறார். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். உசிலம்பட்டிக்காரரான என் மாமியார், “இங்க இல்லாத தண்ணிக் கஷ்டமா அங்க இருக்கு?” என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் தகுதி போதுமா? சம்பளம் உண்டா? வேலையை விட வேண்டியிருக்குமா? உண்மையில் அங்கே நான் செய்யக்கூடியதுதான் என்ன?

— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தகுதி, சம்பளம், வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அங்கே என்ன செய்யப் போகிறேன் என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். வளர்ச்சி வங்கித் துறையில் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு, பசிபிக் தீவு நாடு ஒன்றின் நிதி அமைச்சகத்தில் இரண்டாண்டுகள் தன்னார்வ ஆலோசகராகப் பணிசெய்து மதுரைக்குத் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த நாட்டின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அங்கே நான் செய்த பிழை ஒன்றையும் எழுத வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கான காலநிலை நிதியாக, வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கணக்குப்படி அந்த அளவு இரண்டாண்டு தாமதமாக, 2022-இல்தான் எட்டப்பட்டது. 2024-இல் பாக்கு நகரில் கூடியபோது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தினார்கள். இந்த எண்களைப் படிப்பவர்கள், பணம் எங்கோ குவிந்து கிடக்கிறது, ஆங்கிலத்தில் அழகாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் போய்க் கேட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

நடைமுறை வேறு. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும், தென்கொரியாவின் சோங்டோவில் தலைமையகம் கொண்ட பசுமைக் காலநிலை நிதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் அரசு நேராகப் போய் அதனிடம் பணம் கேட்க முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அந்தத் திட்டத்துக்குத் தனக்கு மறுப்பில்லை என்று நாட்டின் சார்பில் நியமிக்கப்பட்ட அமைச்சகம் கடிதம் தர வேண்டும். நம் நாட்டில் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 2015-இல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது. ஒடிசாவின் பழங்குடி வட்டாரங்களில் நிலத்தடி நீரைச் செறிவூட்டிச் சூரிய ஆற்றலில் பாசனம் செய்யும் திட்டத்துக்கு அதன் வழியாகவே ஒப்புதல் கிடைத்தது. பசிபிக்கிலோ, ஃபிஜி வளர்ச்சி வங்கியைப் போல உள்நாட்டிலேயே அங்கீகாரம் பெற்றவை மிகச் சிலவே. மற்ற நாடுகள் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தையோ, ஆசிய வளர்ச்சி வங்கியையோ, சமோவாவில் இருந்து இயங்கும் பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் அமைப்பையோ நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. இந்த வாசல்களுக்கு இடையே கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், ஒரு சிறிய நாட்டின் அமைச்சகத்தில் பெரும்பாலும் இரண்டு பேரோ மூன்று பேரோதான். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருபவரைத்தான் காலநிலை நிதி ஆலோசகர் என்கிறோம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையை உங்கள் ஊர்க் கண்மாயை வைத்தே சொல்லிவிடலாம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயின் கரை உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யக் காலநிலை நிதி கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிதியத்தின் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, இது காலநிலை மாற்றத்தால் வந்த கேடா, பராமரிக்காமல் விட்டதால் வந்த கேடா என்பதுதான். வரத்துக்காலில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது, உள்வாயில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, மடையின் ஷட்டர் பத்து வருடமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது என்றால், அது ஊராரும் நீர்வளத்துறையும் பார்க்க வேண்டிய வேலை. காலநிலை நிதி அதற்கு வராது. ஆனால், ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை இரண்டே நாளில் கொட்டுவது அந்த வட்டாரத்தில் கூடிவருகிறது என்பதற்கு முப்பது ஆண்டு மழைப் பதிவு இருந்து, பழைய அளவுக்குக் கட்டிய கலுங்கு (உபரிநீர் வழிந்தோடும் அமைப்பு) அந்த வெள்ளத்தை வெளியேற்றப் போதாது என்பதற்குக் கணக்கும் இருந்தால், கலுங்கை நீட்டிக் கட்டும் கூடுதல் செலவு காலநிலைச் செலவு. ஒரே கண்மாய்தான். கருவேலத்தை வெட்டும் செலவு ஒரு தலைப்பிலும், கலுங்கை நீட்டும் செலவு வேறொரு தலைப்பிலும் போகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டி, முதல் பங்கை அரசும் ஊராரும் ஏற்கிறார்கள் என்பதற்குக் கடிதம் வாங்கி, இரண்டாம் பங்கை மட்டும் நிதியத்திடம் கேட்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஊரார் பங்கேற்புடன் கண்மாயைச் சீரமைக்கும் குடிமராமத்தில், அங்கே பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்களின் பங்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதையே இணை நிதி என்ற பெயரில் அட்டவணை போட்டுக் கேட்கிறார்கள்.

இதில் தடுக்கி விழும் இடம் தரவு. நான் போன மூன்றாவது வாரத்தில், வெளித்தீவு ஒன்றின் மழைப் பதிவு அடங்கிய எக்செல் கோப்பை ஓர் இளம் அலுவலர் எனக்குத் திறந்து காட்டினார். இருபத்தெட்டு ஆண்டுக்கான பதிவு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால், ஆங்காங்கே சில மாதங்கள் வெறும் கட்டங்களாக இருந்தன. சோம்பேறித்தனம் என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த அலுவலர் தம் பையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்து, ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பக்கத்தில் ஒரு புயலின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். புயல் அடித்த மாதங்கள்தாம் அவை. மழைமானியையே காற்று கொண்டுபோயிருந்தது. எந்த மாதத்துக்கான சான்று நமக்கு மிகவும் வேண்டுமோ, அந்த மாதம்தான் கோப்பில் இல்லை. கடைசியில், அந்தத் தீவின் மருத்துவ நிலையத்தில் செவிலியர் எழுதிவைத்திருந்த நாட்குறிப்பையும், தேவாலயத்தின் கட்டடப் பழுதுக் கணக்கையும் வைத்து அந்த வெற்றிடங்களுக்கு விளக்கம் எழுதினோம். மதிப்பீட்டாளர் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் குறிப்பேட்டை வைத்திருந்தவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். முதல் ஆறு மாதத்தில், குடிநீர்த் தொட்டிகள் குறித்த கருத்துக் குறிப்பு ஒன்றை, அதாவது முழு விண்ணப்பத்துக்கு முன் அனுப்பும் திட்டச் சுருக்கத்தை, நானே உட்கார்ந்து எழுதினேன். அலுவலர்களுக்கு வேறு வேலை நிறைய இருந்தது. மூன்று நன்கொடை அமைப்புகள் ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்டிருந்தன. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே உதவி என்று நினைத்தேன். குறிப்பு நன்றாக வந்தது, அமைச்சகத்தில் பாராட்டினார்கள், அனுப்பினோம். மதிப்பீட்டாளரின் கேள்விகள் நாற்பத்துச் சொச்சம், நான் ஊர் திரும்பிய பிறகுதான் வந்தன. தொட்டியின் கொள்ளளவை எந்த அனுமானத்தில் கணக்கிட்டீர்கள், வறட்சி நாட்களை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். விடை என் மடிக்கணினியில் இருந்தது, என் தலையில் இருந்தது. அமைச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் இங்கிருந்து இரவில் மின்னஞ்சல் எழுதிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு அந்த விண்ணப்பம் அப்படியே நின்றுபோயிற்று. எழுத்தில் இருந்த குறையால் அது சாகவில்லை. அதை எழுதியவன் அந்த நாட்டுக்காரனாக இல்லாததால் செத்தது.

அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் அங்கே போனால் எழுதாதீர்கள். எழுதுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எழுதிய பத்தியில் கேள்வி கேளுங்கள். கணக்கை அவரைக் கொண்டே போடச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளரோடு பேசும் காணொளிக் கூட்டங்களில் அவரைப் பேசவிட்டு நீங்கள் குறிப்பெடுங்கள். வேலை மூன்று மடங்கு மெதுவாக நடக்கும். உங்கள் ஆண்டறிக்கையில் காட்ட ஒன்றும் இருக்காது. நீங்கள் கிளம்பிய மறுநாள் நாற்பது கேள்விகள் வந்தால், பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

வெளிநாட்டார் ஒருவர் வந்து நன்மை செய்தார் என்றாலே, நம் பக்கத்தில் பென்னிகுவிக் நினைவு வந்துவிடுகிறது. 1895-இல் அவர் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டதால் மேலூர் வரை வயல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியில் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆலோசகராகப் போகிறவர்களால் உபத்திரவம் அதிகம். அவருக்குப் பின்னால் ஓர் அரசாங்கத்தின் பொறியியல் துறையே இருந்தது; உங்களுக்குப் பின்னால் ஒரு பெட்டியும் விசாவும்தான் இருக்கும்.

உங்கள் தகுதி போதுமா என்றால், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது; ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பசுமை நிதிப் பயிற்சிச் சான்றிதழை விண்ணப்பத்தின் மேலே வைக்காதீர்கள். 14 ஆண்டுகளாக நீங்கள் செய்துவரும் மதிப்பீட்டைத்தான் மேலே வைக்க வேண்டும். விலைப்பட்டியல் உண்மையானதுதானா, இந்தக் கிணற்றில் இத்தனை அடியில் தண்ணீர் இருக்குமா, கடனைத் திருப்பிக் கட்டும் அளவுக்கு விளைச்சல் வருமா என்று வயலில் நின்று கேட்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு. காலநிலை பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்து, எந்த விதிப்படி செலவாகி, எந்தப் பற்றுச்சீட்டோடு தணிக்கைக்குப் போகும் என்று தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

வங்கியாளர் என்பதால் உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. காலநிலை நிதி என்று கணக்கில் காட்டப்படும் பொதுப் பணத்தில் பெரும்பகுதி மானியம் அன்று, கடன். பசுமைக் காலநிலை நிதியத்தின் மிகச் சலுகையான கடனுக்கு வட்டி இல்லை. 40 ஆண்டுத் தவணை, அதில் முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். கந்துவட்டி புழங்கும் ஊரிலிருந்து பார்த்தால் இது தர்மம்போலத் தெரியும். ஆனால் அதை டாலரிலோ யூரோவிலோ திருப்பிக் கட்ட வேண்டும். உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு அந்த 40 ஆண்டில் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடற்கரைத் தடுப்புச் சுவர் வருமானம் ஈட்டித் தராது. அதைக் கட்ட வாங்கிய கடனை வேறு வரி வருமானத்திலிருந்துதான் அடைக்க வேண்டும். சூரிய மின்நிலையத்துக்குக் கடன் வாங்குவது வேறு, சுவருக்குக் கடன் வாங்குவது வேறு என்று ஓர் அமைச்சரின் முன்னால் அமைதியாகச் சொல்ல வேண்டிய தருணம் உங்களுக்கு வரலாம். விவசாயி ஒருவரிடம் “இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம் அய்யா” என்று எப்போதாவது சொல்லியிருப்பீர்கள் அல்லவா, அந்தக் குரலிலேயே சொன்னால் போதும். பெரிய தொகைத் திட்டம் பிடித்துத் தந்தால்தான் ஆலோசகருக்குப் பெருமை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சிறு திட்டங்களுக்காக அதே நிதியம் வைத்திருக்கும் எளிய ஒப்புதல் முறையில் 2.5 கோடி டாலர் வரை கேட்கலாம். திட்டம் தயாரிப்பதற்கென்றே 15 லட்சம் டாலர் வரை தனி உதவியும் உண்டு. மூன்று பேர் இருக்கும் அலுவலகத்துக்கு இவையே தாராளம்.

எந்த அமைப்பின் வழியாகப் போவது என்பதில் பலர் வீணாக நேரம் செலவிடுகிறார்கள். இணையத்தில் தேடினால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தன்னார்வத் திட்டங்களின் விளம்பரங்கள்தாம் முதலில் வரும். பசிபிக் நாடுகளுக்குக் காலநிலை நிதி ஆலோசகர் தேவை என்றே போட்டிருப்பார்கள். அவை அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வாழ்பவர்களுக்கும் உரியவை. ஜப்பானின் தன்னார்வத் திட்டமும் அமெரிக்காவின் பீஸ் கோரும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு நேரான வழி, ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு. 27 வயது நிறைந்து, மூன்றாண்டுப் பணி அனுபவமும் இருந்தால் அதில் வல்லுநர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இரண்டும் தாராளமாக இருக்கின்றன. நம் வெளியுறவு அமைச்சகம் 1964 முதல் நடத்திவரும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்திலும், கேட்கும் நாடுகளுக்கு இந்திய வல்லுநர்களை அனுப்பும் வழக்கம் உண்டு. காமன்வெல்த் அமைப்பு மொரீஷியஸிலிருந்து நடத்தும் காலநிலை நிதி மையம், உறுப்பு நாடுகளின் அமைச்சகங்களில் ஆலோசகர்களை அமர்த்துகிறது. அது சம்பளப் பணி, போட்டியும் கடுமை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசா முன்பணம் என்று எவராவது கேட்டால், அவர் எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பத்துக்கு ஒரு பைசாவும் வாங்குவதில்லை.

ஐ.நா. தன்னார்வலர் பணிக்குச் சம்பளம் கிடையாது. வாழ்க்கைச் செலவுப் படி தருவார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். போக்குவரத்து, மருத்துவக் காப்பீடு, மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு, முடித்துத் திரும்பும்போது ஒரு சிறு தொகை ஆகியவை உண்டு. அந்தப் படி அங்கே கண்ணியமாக வாழப் போதும். திருமங்கலத்து வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டப் போதாது. தீவு நாடுகளில் அரிசி முதல் சோப்பு வரை கப்பலில் வந்து இறங்குவதால் விலைவாசி நம் ஊரைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் கணவரின் வருமானத்தில் வீடு நடக்குமா என்று, ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடன் விண்ணப்பம் பார்ப்பதுபோல மாத வரவுசெலவு போட்டுப் பாருங்கள். நடக்காது என்றால் தள்ளிப்போடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

வேலையை விட வேண்டாம். ஊதியமில்லா நீண்ட விடுப்புக்கு உங்கள் வங்கியில் என்ன விதி இருக்கிறது என்று மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்வழியாகக் கிடைக்கும் “பார்த்துக்கலாம் மேடம்” எதற்கும் உதவாது. அதோடு, பலர் கவனிக்காமல் விடும் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் 6-ஆம் பிரிவு, அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் பணியாளர்கள் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு அமைப்புகளின் விருந்தோம்பலை, மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் ஏற்பதைத் தடுக்கிறது. பயணச்சீட்டும் தங்குமிடமும் அந்தச் சொல்லுக்குள் வரக்கூடியவை. உங்கள் விஷயத்தில் அது பொருந்துமா, விதிவிலக்கு உண்டா என்பதை வங்கியின் சட்டப் பிரிவே சொல்ல வேண்டும்; அந்தப் பதிலும் கோப்பில் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்து திரும்பும் நாளில் ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் மேசையில் காத்திருப்பதைவிட, போவதற்கு முன் ஆறு மாதம் காத்திருப்பது மேல். நீண்ட காலம் வெளியே தங்கினால் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்றுவது, வருமான வரியில் உங்கள் வசிப்பு நிலை மாறுவது போன்றவை வங்கிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பசிபிக் கிடைக்காமல் மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க நாடு ஒன்று அமைந்தால், அதற்கான தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னதாக, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் அவர் கேட்டதுதான் சிறந்த கேள்வி என்று எனக்குத் தோன்றியது. 58 கிராமக் கால்வாயில் தண்ணீரைப் பார்ப்பதற்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த வட்டாரத்துப் பெண்மணி அவர். தண்ணீர்க் கஷ்டம் என்றால் என்னவென்று அவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உசிலம்பட்டியில் போர்வெல்லை எண்ணூறு அடி இறக்கினாலும் தண்ணீர் வராமல் போகலாம். ஆனால் கடல் வந்து ஏறாது. பசிபிக்கின் பவளத் தீவுகளில் ஆறு கிடையாது, மலை கிடையாது. மணலுக்குக் கீழே, கடல்நீரின் மேல் எண்ணெய்ப் படலம்போல மிதந்துகொண்டிருக்கும் மெல்லிய நன்னீர்ப் படிவமும், கூரையிலிருந்து தொட்டியில் விழும் மழையும்தான் குடிநீர். ஒரு பெரிய அலை தீவின்மேல் ஏறி இறங்கினால், கிணறு உப்பாகி, மீண்டும் நன்னீராக மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். துவாலு என்ற நாடு மொத்தமே 26 சதுர கிலோமீட்டர். 2011-இல் மழை பொய்த்தபோது அங்கே நெருக்கடி நிலை அறிவித்து, நியூசிலாந்திலிருந்து உப்பு நீக்கும் இயந்திரங்களை விமானத்தில் இறக்கினார்கள். வனுவாட்டுவை 2015 மார்ச்சில் பாம் புயல் தாக்கியபோது ஏற்பட்ட இழப்பு, அந்த நாடு ஓராண்டு முழுதும் ஈட்டும் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நம் மாநிலத்தில் ஒரு மாவட்டத்தைப் புயல் அடித்தால் மற்ற மாவட்டங்களிலிருந்து மின்கம்பமும் ஆட்களும் லாரியில் வந்து சேருகிறார்கள். அங்கே வருவதற்குப் பக்கத்து மாவட்டம் என்று ஒன்று இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், “அப்ப நம்ம ஊர்க் கண்மாயை யாரு பாக்குறது?” என்று அவர் கேட்டால், அதற்கு நியாயமான பதில் என்னிடமும் இல்லை. நபார்டு வழியாகத் தகவமைப்பு நிதியம் என்ற இன்னொரு பன்னாட்டுக் காலநிலை நிதியத்தின் பணம் தமிழ்நாட்டின் நீர்ப்பிடிப்புத் திட்டங்களுக்கு வந்திருக்கிறது. மாநில அரசும் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்றை நடத்துகிறது. மதுரையிலேயே கண்மாய்ப் பாசனச் சங்கங்களோடு பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. இங்கே செய்ய வேலை இல்லாததால் ஒருவரும் அங்கே போக வேண்டியதில்லை. அங்கே கற்றது இங்கே உதவும், இங்கே கற்றது அங்கே உதவும் என்ற அளவில்தான் நான் போய்வந்ததை நியாயப்படுத்திக்கொண்டேன். திரும்பி வந்தபின் கண்மாய்ச் சங்கக் கூட்டங்களில் நான் முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறேன் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். அது அந்தத் தீவு கற்றுத் தந்தது.

மகள் குறித்து ஒன்று. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் ஆண்டு போனால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் திரும்பிவிடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். இந்தப் பணிகளில் விண்ணப்பம், தேர்வு, விசா எல்லாம் சேர்ந்து நினைத்ததைவிட நீளும். அதனால் ஓராண்டுப் பணிக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். நீட்டிப்புத் தருகிறோம் என்றால் அப்போது வீட்டோடு பேசி முடிவெடுங்கள். நேர வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள்: அங்கே நீங்கள் வேலை முடித்து வரும்போது இங்கே அவள் பள்ளியில் இருப்பாள். அவள் வீடு திரும்பிச் சாவகாசமாகப் பேச உட்காரும்போது உங்களுக்குத் தூக்கம் சொக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் விடுப்பு வேண்டாம். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் இணையவழித் தன்னார்வப் பணி என்ற பிரிவு உண்டு. வீட்டிலிருந்தபடி, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல் செய்யும் வேலை. அதற்கும் வங்கியில் சொல்லிவிட்டு, சிறிய வேலை ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள். வேறொரு நாட்டு அலுவலரோடு மின்னஞ்சலில் பொறுமையாகப் பழகுவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். மற்றது, பசுமைக் காலநிலை நிதியத்தின் தளத்தில் நபார்டின் ஒடிசாத் திட்ட ஆவணம் பொதுவில் இருக்கிறது. அதை, கடன் கோப்பு படிப்பதுபோலப் பென்சிலோடு படியுங்கள். படித்தபின், உசிலம்பட்டியில் உங்கள் புகுந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்மாய்க்குப் பத்துப் பக்கத்தில் ஒரு கருத்துக் குறிப்பு எழுதுங்கள். எது பராமரிப்பு, எது காலநிலை என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் மாமியாரையும் கரைக்குக் கூட்டிப் போங்கள். எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது, எந்த ஆண்டு கரை உடைந்தது என்பதற்கு அவரைவிட நல்ல பதிவேடு அந்த ஊரில் கிடைக்காது.

எழுதி முடித்ததும் இந்தப் பகுதியின் முகவரிக்கே எனக்கு அனுப்புங்கள். கலுங்கின் நீளத்தை டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.